கால்வாசி வாக்கு, அரைவாசி ஆசனம்: யாழ்ப்பாணத்துத் தேர்தல் கணக்கு

2024 நவம்பர் 14 பாராளுமன்றத் தேர்தல் முடிந்ததிலிருந்து யாழ்ப்பாணத்தில் இரண்டு கதைகள் ஓடுகின்றன. ஒன்று, "யாழ்ப்பாணம் முழுக்கத் திசைகாட்டிப் பக்கம் (தேசிய மக்கள் சக்தியின் பக்கம்) சாய்ந்துவிட்டது." மற்றது, "நாலு பேரில் ஒருவர்தான் திசைகாட்டிக்குப் போட்டிருக்கிறார். பிறகெப்படி ஆறில் மூன்று ஆசனம்? எங்கேயோ விளையாட்டு நடந்திருக்கிறது."

முதலாவதைச் சொல்பவர் வாக்குத் தொகையைப் பார்க்கவில்லை. இரண்டாவதைச் சொல்பவர் தொகையைப் பார்த்துவிட்டார், அது ஆசனமாக மாறும் வழியைப் பார்க்கவில்லை. அந்த வழியை யாரும் ஒளித்து வைக்கவில்லை. அரசியலமைப்பின் 99ஆம் உறுப்புரையில் எழுதியே இருக்கிறது. கொஞ்சம் கூட்டல், கழித்தல், ஒரே ஒரு வகுத்தல். எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒரு கொப்பித் தாளில் செய்து முடித்துவிடும். நாமும் செய்து பார்க்கலாம்.

தொகுதி முறையும் விகிதாசார முறையும்

பாராளுமன்ற ஜனநாயகத்தில் சனம் அரசாங்கத்தை நேரடியாகத் தெரிவு செய்வதில்லை. உறுப்பினர்களைத் தெரிவு செய்கிறது. அவர்களில் பெரும்பான்மை யார் பக்கம் நிற்கிறதோ அந்தப் பக்கம் அரசாங்கம் அமைகிறது. ஆகவே இலட்சக்கணக்கான வாக்குகளைச் சில நூறு உறுப்பினர்களாக மாற்ற ஒரு கணக்கு முறை தேவை. நாட்டுக்கு நாடு வேறுபடுவது இந்தக் கணக்குத்தான்.

நம்மவர்கள் தொலைக்காட்சியில் அதிகம் பார்ப்பது தமிழ்நாட்டுத் தேர்தலை. அங்கே 234 தொகுதிகள். ஒவ்வொன்றிலும் ஒருவர்தான் தெரிவாவார். கூடுதலான வாக்கு எடுத்தவர் வெற்றி. இரண்டாவதாக வந்தவர் ஒரு வாக்கால் தோற்றாலும் ஓர் இலட்சத்தால் தோற்றாலும் அவருக்குக் கிடைப்பது ஒன்றுதான், வெறுங்கை. இதைத் தொகுதி முறை என்கிறோம். பிரித்தானியாவிலும் இதே முறைதான். 2024இல் அங்கே தொழிற்கட்சி எடுத்தது ஏறக்குறைய 34 வீத வாக்கு, கிடைத்தது 650இல் 411 ஆசனம்.

இலங்கையிலும் 1977 வரை தொகுதி முறையே இருந்தது. அந்த ஆண்டுத் தேர்தல் இந்த முறையின் குணத்தை அப்படியே காட்டியது. மொத்தம் 168 ஆசனம். ஐக்கிய தேசியக் கட்சி 51 வீத வாக்கோடு 140 ஆசனங்களை அள்ளியது. ஸ்ரீலங்கா சுதந்திரக் கட்சிக்கு 30 வீதத்தை ஒட்டிய வாக்கு இருந்தும் 8 ஆசனம்தான். நாடு முழுக்கப் பார்த்தால் 7 வீத வாக்குக்கூட இல்லாத தமிழர் விடுதலைக் கூட்டணிக்கு 18 ஆசனம். காங்கேசன்துறையில் வென்ற அமிர்தலிங்கம் எதிர்க்கட்சித் தலைவரானார். காரணம், கூட்டணியின் வாக்கு வடக்கு கிழக்கில் திரண்டு கிடந்தது, சுதந்திரக் கட்சியின் வாக்கு எல்லாத் தொகுதியிலும் பரவிக் கிடந்தது. தொகுதி முறையில் பரவிக் கிடக்கும் வாக்குக்கு மதிப்பில்லை.

1978ஆம் ஆண்டு அரசியலமைப்பு இதை மாற்றி, கட்சி எடுத்த வாக்கின் அளவுக்கு ஏற்ப ஆசனம் பகிரும் விகிதாசார முறையைக் கொண்டுவந்தது. அந்த முறையில் நடந்த முதல் பொதுத் தேர்தல் 1989இல்.

மானிப்பாய் எம்.பி. என்று ஒருவர் இல்லை

தொகுதிகள் போய் இவ்வளவு காலமாகியும் பேச்சில் அவை போகவில்லை. ஊர்காவற்துறை, வட்டுக்கோட்டை, காங்கேசன்துறை, மானிப்பாய், கோப்பாய், உடுப்பிட்டி, பருத்தித்துறை, சாவகச்சேரி, நல்லூர், யாழ்ப்பாணம், கிளிநொச்சி என்று பதினொரு தொகுதிகள் இன்றும் காகிதத்தில் இருக்கின்றன. யாழ். மத்திய கல்லூரியில் வாக்கெண்ணும் இரவில் முடிவுகளும் தொகுதி தொகுதியாகத்தான் வெளிவரும், தபால் வாக்கு தனியாக. "நல்லூரில் இவர்கள் முன்னுக்கு, சாவகச்சேரியில் அவர்கள்" என்று சனம் விடிய விடியக் கணக்குப் பார்க்கும். பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அதில் ஒருவரும் தெரிவாவதில்லை. பதினொரு தொகுதியின் வாக்கும் தபால் வாக்கும் ஒரே குவியலாகச் சேர்ந்த பிறகுதான் ஆசனக் கணக்கே தொடங்குகிறது. கிளிநொச்சி நிர்வாகத்தில் தனி மாவட்டம். பாராளுமன்றத் தேர்தலுக்கு அதுவும் யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்துக்குள் அடங்கும்.

இடைத்தேர்தலும் இதனால்தான் இல்லாமல் போனது. ஓர் உறுப்பினர் இறந்தால் அல்லது விலகினால், அதே பட்டியலில் அடுத்ததாகக் கூடிய விருப்பு வாக்கு எடுத்தவர் உள்ளே போவார்.

புள்ளடி முதலில் போவது பட்டியலுக்கு

"நான் கட்சியைப் பார்த்துப் போடுவதில்லை, ஆளைப் பார்த்துத்தான் போடுவேன்" என்பவர்கள் நம்மிடையே நிறையப் பேர். வாக்குச்சீட்டு அதற்கு இடம் கொடுப்பதில்லை. சீட்டில் கட்சிகளின், சுயேச்சைக் குழுக்களின் பெயரும் சின்னமும் இருக்கும். அதில் ஒன்றுக்குப் புள்ளடி (× அடையாளம்) இட வேண்டும். அதற்குப் பிறகு, கீழே இருக்கும் வேட்பாளர் இலக்கங்களில் மூன்று வரை புள்ளடி இடலாம். இந்த இரண்டாவது வகைதான் விருப்பு வாக்கு: நீங்கள் தெரிந்த பட்டியலுக்குள் யாரை அனுப்ப வேண்டும் என்று சொல்வது.

ஒரு பட்டியலில் எத்தனை பேர்? ஆசனத் தொகையோடு மூன்றைக் கூட்ட வேண்டும். 2024இல் யாழ்ப்பாணத்துக்கு ஆறு ஆசனம், ஆகவே பட்டியலுக்கு ஒன்பது பேர்.

நடைமுறையில் இதன் அர்த்தம் கொஞ்சம் கடுமையானது. உங்களுக்குப் பிடித்த ஒரே ஆளுக்காக ஒரு பட்டியலுக்குப் புள்ளடி இட்டால், அந்த வாக்கு அதே பட்டியலில் இருக்கும் உங்களுக்குப் பிடிக்காத ஆளையும் உள்ளே தள்ள உதவும். பட்டியலுக்கு எத்தனை ஆசனம் என்பதை முதற் புள்ளடி தீர்மானிக்கிறது. அந்த ஆசனத்தில் இருப்பது யார் என்பதை மட்டும்தான் விருப்பு வாக்கு தீர்மானிக்கிறது. ஒரு கட்சியில் தோற்றவர் இன்னொரு கட்சியில் வென்றவரைவிடக் கூடுதலான விருப்பு வாக்கு எடுத்திருக்கலாம். அதில் முறைகேடு ஒன்றுமில்லை, அவர்கள் ஒருவரோடொருவர் போட்டியிடவே இல்லை. விருப்பு வாக்குக்காக ஒரே கட்சி ஆட்களே மதிலுக்கு மதில் சுவரொட்டிச் சண்டை பிடிப்பதும் இதனால்தான். அவர்களின் உண்மையான எதிராளி பக்கத்துப் படத்தில் சிரித்துக்கொண்டிருப்பவர்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: முழு மாவட்டமும் ஒரே குவியல், வாக்கு முதலில் பட்டியலுக்கு, ஆள் யார் என்பது அடுத்த கேள்வி. இனி அந்தக் குவியலை ஆறாகப் பிரிப்போம்.

மூடைக் கணக்கு

2024இல் யாழ். தேர்தல் மாவட்டத்தில் செல்லுபடியான வாக்குகள் 3,25,312. முன்னணியில் இருந்தவை, சனம் சொல்கிறபடி சின்னத்தின் பெயரிலேயே: திசைகாட்டி (தேசிய மக்கள் சக்தி) 80,830, வீடு (தமிழரசுக் கட்சி) 63,327, சைக்கிள் (தமிழ்க் காங்கிரஸ்) 27,986, ஊசி (சுயேச்சைக் குழு 17) 27,855, சங்கு (ஜனநாயகத் தமிழ்த் தேசியக் கூட்டணி) 22,513, வீணை (ஈழ மக்கள் ஜனநாயகக் கட்சி) 17,730.

முதலில் வெட்டுப்புள்ளி. மாவட்டத்தின் செல்லுபடியான வாக்கில் 5 வீதத்துக்குக் கீழே எடுத்தவர்கள் கணக்கிலிருந்தே நீக்கப்படுவார்கள். இங்கே 5 வீதம் என்பது 16,266. மேலே சொன்ன ஆறு பட்டியல்களும் தப்பின. மற்ற எல்லாம் போயின. போன வாக்குகளைக் கூட்டினால் 85,071 வருகிறது. இந்த எண்ணில் ஒரு நிமிடம் நின்று பார்க்க வேண்டும். முதலிடம் பிடித்த பட்டியல் எடுத்ததைவிட, வெட்டுப்பட்டு வீணான வாக்கு கூட! சிறு கட்சிகளுக்கும் சுயேச்சைகளுக்கும் சிதறிப் போட்ட வாக்கு அவ்வளவு.

இரண்டாவது, போனஸ் ஆசனம். மாவட்டத்தில் அதிக வாக்கு எடுத்த பட்டியலுக்கு ஓர் ஆசனம் முதலே ஒதுக்கப்படும். ஒரு வாக்கால் முந்தினாலும் சரி. அது திசைகாட்டிக்குப் போனது. மிச்சம் ஐந்து.

மூன்றாவதுதான் அந்த வகுத்தல். அறுவடை முடிந்து ஆறு பேர் நெல்லோடு வருகிறார்கள் என்று வையுங்கள். எல்லோருக்கும் ஒரே அளவு மூடைதான். மூடையின் அளவைக் கண்டுபிடிக்க, தப்பிய ஆறு பட்டியல்களின் வாக்கைக் கூட்டி (2,40,241) மிச்சமுள்ள ஐந்து ஆசனத்தால் வகுக்க வேண்டும். 48,048 வந்து கொஞ்சம் மிஞ்சுகிறது. பின்னம் வந்தால் அடுத்த முழு எண்ணை எடுக்கச் சொல்கிறது சட்டம். ஆகவே ஒரு மூடை 48,049 வாக்கு. முழு மூடை கட்டியவருக்கு மூடைக்கு ஓர் ஆசனம்.

திசைகாட்டி ஒரு மூடை கட்டியது, மிச்சம் 32,781. வீடு ஒரு மூடை கட்டியது, மிச்சம் 15,278. சைக்கிள், ஊசி, சங்கு, வீணை ஒருவராலும் ஒரு மூடையை நிரப்ப முடியவில்லை. ஐந்தில் இரண்டு ஆசனம் போய்விட்டது, இன்னும் மூன்று இருக்கிறது.

இந்த மூன்றும் அரைகுறை மூடைகளுக்கு. யாருடைய அரைகுறை மூடை பெரிதோ அவருக்கு முதலில். வரிசை இப்படி: திசைகாட்டியின் மிச்சம் 32,781, சைக்கிள் 27,986, ஊசி 27,855. அவ்வளவுதான், ஆசனம் முடிந்தது. அடுத்து நின்ற சங்குக்கு 22,513 வாக்கு இருந்தும் ஒன்றுமில்லை. வெட்டுப்புள்ளியைத் தாண்டிய வீணைக்கும் ஒன்றுமில்லை. வெட்டுப்புள்ளியைத் தாண்டினால் ஆசனம் நிச்சயம் என்று நினைப்பதும் பொதுவான ஒரு பிழை. வரிசையில் நிற்க அனுமதி கிடைக்கிறது, அவ்வளவே.

கடைசியில் திசைகாட்டி 3, வீடு 1, சைக்கிள் 1, ஊசி 1. தேர்தல் ஆணைக்குழு அறிவித்ததும் இதுவே.

கால்வாசி எப்படி அரைவாசியாகியது

இப்போது அந்த இரண்டாவது கதைக்குப் பதில் சொல்லலாம். 80,830 என்பது செல்லுபடியான வாக்கில் ஏறக்குறைய 25 வீதம். வெட்டுப்புள்ளியில் 85,071 வாக்கு கழிந்ததும், மிஞ்சிய வாக்கில் அதே 80,830 மூன்றில் ஒரு பங்காகிவிடுகிறது. ஆறு ஆசனத்தில் மூன்றில் ஒரு பங்கு என்றால் இரண்டு. மூன்றாவது எங்கிருந்து? போனஸ். அது இல்லாமல் ஆறு ஆசனத்தையும் மூடைக் கணக்கிலேயே பகிர்ந்திருந்தால் மூடையின் அளவு 40,041 ஆகியிருக்கும். திசைகாட்டிக்கு 2, வீட்டுக்கு 2, சைக்கிளுக்கும் ஊசிக்கும் ஒவ்வொன்று. போனஸ் ஒரே ஓர் ஆசனத்தை வீட்டிலிருந்து திசைகாட்டிக்கு நகர்த்தியது.

வெட்டுப்புள்ளி 1978இல் 12.5 வீதமாக இருந்தது. 1988இல் 15ஆவது திருத்தம் அதை 5 ஆகக் குறைத்தது. பழைய 12.5 வீதமே நீடித்திருந்தால் 2024இல் யாழ்ப்பாணத்தில் இரண்டு பட்டியல்கள்தான் தப்பியிருக்கும்: திசைகாட்டிக்கு 4, வீட்டுக்கு 2. விகிதாசாரம் என்று ஒரே பெயரில் அழைத்தாலும், உள்ளே இருக்கும் ஓர் எண்ணை மாற்றினால் முடிவே மாறிவிடும்.

"எல்லோரும் ஒன்றாக நின்றிருந்தால்"

இது தேத்தண்ணிக் கடையில் அடுத்ததாக வரும் பேச்சு. ஒன்றாக நிற்பது நல்லதா கெட்டதா என்பது அரசியல், அதை விடுவோம். கணக்கை மட்டும் பார்ப்போம், ஒரு வாக்காளரும் மனம் மாறவில்லை என்று வைத்துக்கொண்டு.

வீடும் சைக்கிளும் சங்கும் சேர்ந்தால் 1,13,826. முதலிடம், ஆகவே போனஸ் அவர்களுக்கு. முழு மூடை இரண்டு. மொத்தம் 3 ஆசனம். திசைகாட்டிக்கு 2, ஊசிக்கு 1. தனித்தனியாக நின்றபோது இந்த மூவரும் எடுத்தது 2. ஆக, சேர்ந்ததால் வந்தது ஒரே ஓர் ஆசனம். "ஐந்து வந்திருக்கும்" என்று மேசையில் அடித்துச் சொல்பவருக்கு இதைக் காட்டலாம்.

இன்னொரு வேடிக்கை: சங்கை விட்டுவிட்டு வீடும் சைக்கிளும் மட்டும் சேர்ந்திருந்தாலும் அதே 3 தான். 91,313 வாக்கு திசைகாட்டியை முந்தப் போதும், போனஸ் கைமாறிவிடும், முழு மூடை ஒன்று, மிச்சமான 43,264க்கு இன்னொன்று. மூன்றாமவர் வந்து சேர்ந்ததால் கூட்டுக்கு ஆசனம் அதிகமாகாது. ஆறு ஆசனமுள்ள மாவட்டத்தில் கூட்டணி என்பது பெரும்பாலும் அந்தப் போனஸைப் பிடிக்கும் ஓட்டம்தான். கூட்டுப் பேச்சுகள் யார் யாரோடு என்பதில் இழுபடும்போது, எத்தனை வாக்கால் முதலிடம் தவறியது என்பதையும் ஒருமுறை பார்ப்பது நல்லது.

செல்லாத வாக்கு யாரையும் தண்டிப்பதில்லை

அதே தேர்தலில் நிராகரிக்கப்பட்ட வாக்குகள் 32,767. ஓர் ஆசனம் எடுத்த சைக்கிளின் வாக்கைவிடக் கூட. சிலர் கோபத்தில் வேண்டுமென்றே சீட்டைக் கெடுக்கிறார்கள். "ஒருவரையும் பிடிக்கவில்லை என்று பதிவாகட்டும்" என்று நினைக்கிறார்கள். இந்தியாவில் 2013இலிருந்து அப்படி ஒரு பொத்தான் இருக்கிறது. இங்கே இல்லை. நிராகரிக்கப்பட்ட வாக்கு 5 வீதக் கணக்கிலும் வராது, மூடைக் கணக்கிலும் வராது.

வேண்டுமென்று கெடுத்ததோடு தெரியாமல் கெட்டதும் அதில் இருக்கும். 2024 செப்டெம்பரில் ஜனாதிபதித் தேர்தலில் 1, 2, 3 என்று இலக்கமிட்டு விருப்பத்தைக் காட்டலாம் என்றார்கள். இரண்டு மாதம் போவதற்குள் பாராளுமன்றத் தேர்தல், அதில் புள்ளடி. 2025 மேயில் உள்ளூராட்சித் தேர்தல், அதில் ஒரே ஒரு புள்ளடி, விருப்பு வாக்கே கிடையாது, உறுப்பினர்களில் 60 வீதத்தினர் வட்டாரத்திலிருந்தும் மிச்சப் பேர் பட்டியலிலிருந்தும் வருவார்கள். ஒன்பது மாதத்துக்குள் மூன்று விதமான சீட்டு! அம்மம்மாமார் குழம்புவதில் என்ன அதிசயம்?

பாராளுமன்றச் சீட்டுக்கு நினைவில் வைக்க வேண்டியவை இவைதான். ஒரு பட்டியலுக்கு மட்டும் புள்ளடி. இரண்டுக்கு இட்டால் முழுச் சீட்டும் போச்சு. கட்சிக்குப் போடாமல் இலக்கத்துக்கு மட்டும் போட்டாலும் போச்சு. கட்சிக்குப் போட்டுவிட்டு இலக்கத்தை விட்டுவிட்டால் பரவாயில்லை, வாக்கு செல்லும். மூன்றுக்கு மேல் இலக்கம் குறித்தால் விருப்பு வாக்குத்தான் செல்லாது, கட்சி வாக்கு நிற்கும்.

தேசியப் பட்டியலும் 113உம்

பாராளுமன்றத்தில் 225 பேர். 196 பேர் 22 தேர்தல் மாவட்டங்களிலிருந்து, 29 பேர் தேசியப் பட்டியலிலிருந்து. தேசியப் பட்டியல் என்பது நாடு முழுவதிலும் கட்சி எடுத்த வாக்கின்படி பகிரப்படும் ஆசனம். போனஸும் இல்லை, மாவட்டத்தில் உள்ளதுபோல் 5 வீத வெட்டும் இல்லை. 2024இல் தமிழரசுக் கட்சிக்கு ஒன்று அப்படித்தான் வந்தது. தேசிய மக்கள் சக்தி 18ஐ எடுத்தது. மாவட்ட ஆசனங்களோடு சேர்த்து 159.

பெரும்பான்மைக்கு 113 வேண்டும், அரசியலமைப்பைத் திருத்த மூன்றில் இரண்டான 150. இலங்கையில் ஜனாதிபதி தனியாகத் தெரிவாவதால் நம்முடையது சுத்தமான பாராளுமன்ற முறை இல்லை. ஆனாலும் 113 இல்லாத பிரதமர் நிலைக்க முடியாது என்பதை 2018 ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரை நடந்த இழுபறியில் எல்லோரும் பார்த்தோம்.

ஏன் ஆறு?

கடைசியாக, மிகவும் வேரூன்றிய ஒரு தவறான எண்ணம்: "சனம் வாக்களிக்கப் போகாவிட்டால் அடுத்த முறை எம்.பி. தொகை குறையும்." குறையாது. 2024இல் பதிவான வாக்காளர் 5,93,187 பேரில் 60 வீதத்தினர்தான் வாக்களித்தார்கள். 90 வீதம் வந்திருந்தாலும் ஆறு ஆறுதான். மாவட்டங்களின் 196இல் 36 ஆசனம் மாகாணத்துக்கு நாலு என்று ஒதுக்கப்படுகிறது. மற்ற 160ஐயும் வாக்காளர் இடாப்பில் பெயர் உள்ளவர்களின் தொகையை வைத்துப் பகிர்கிறார்கள். இடாப்பு என்றால் பதிவான வாக்காளர்களின் பெயர்ப் பட்டியல். வாக்களித்தீர்களா என்று அது கேட்பதில்லை.

2010இல் இடாப்பில் 7 இலட்சத்துக்கு மேல் பெயர் இருந்தது, ஆசனம் 9. போரிலும் வெளிநாட்டுக்கும் போனவர்களின் பெயர்கள் நீங்க, 2015இலும் 2020இலும் 7. 2024இல் 6. மொத்த 196 மாறாததால் மற்ற இடத்தில் ஆட்கள் கூடினாலும் நமக்குக் குறையும். அந்த முறை யாழ்ப்பாணத்துக்கு ஒன்று குறைந்தபோது கம்பஹாவுக்கு ஒன்று கூடியது. ஆகவே கவனிக்க வேண்டிய இடம் விதானையார் (கிராம அலுவலர்) கொண்டுவரும் படிவம். பதினெட்டு வயதான பிள்ளையின் பெயர், கலியாணம் முடித்து வந்த மருமகளின் பெயர், கொழும்பில் வாடகை வீட்டில் இருந்துவிட்டுத் திரும்பிய மகனின் பெயர் அதில் ஏறியதா என்று பார்க்க வேண்டும்.

அந்த ஏழாவது ஆசனம் 2024இலும் இருந்திருந்தால் யாருக்குப் போயிருக்கும் என்று பார்க்க ஆசைப்படுகிறவர்கள் அதே வாக்கை ஐந்துக்குப் பதிலாக ஆறால் வகுக்கலாம். மூடை 40,041. திசைகாட்டிக்குப் போனஸோடு 3, சைக்கிளுக்கும் ஊசிக்கும் ஒவ்வொன்று, வீட்டுக்கு ஒரு முழு மூடையும் மிச்சம் 23,286உம். ஏழாவது ஆசனம் அந்த மிச்சத்துக்கு, சங்கை 773 வாக்கால் முந்தி.